வீட்டுத் தோட்டத்திற் புதினாவும் மிளகுப் புதினாவும்

புதினா நம் நாட்டுச் சமையலறைக்குப் புதியதன்று. புரியாணிக்கும், ஆட்டிறைச்சிக் கறிக்கும், சம்பலுக்கும், பச்சடிக்கும் அது வேண்டப்படுகின்றது. சிங்களத்தில் இதனை மிஞ்சி என்பர். கடையிலே ஒரு பிடி வாங்கினால், அன்றைய தேவைக்கு நாலு தண்டு எடுத்தபின் எஞ்சியது மறுநாட் காலையிற் கறுத்துக் கிடக்கும். வாடாத இலை வேண்டுமெனின் அதனை வீட்டிலேயே வளர்த்தல் வேண்டும். ஆறடி நீளமும் மூன்றடி அகலமுமுள்ள ஒரு பாத்தி, ஒரு குடும்பத்தின் தேவைக்கு மிஞ்சியும் இலை தரும். நிலமில்லாதோர்க்கு மூன்று அல்லது நான்கு சாடிகள் போதியன.

அண்மைக் காலத்தில், சமையற் புதினாவோடு மிளகுப் புதினாவையும், அதாவது பெப்பமின்ற் என வழங்கும் பயிரையும், வளர்க்க விரும்புவோர் பலராயினர். தேநீருக்கும் வயிற்றுப் பொருமலுக்கும் அதன் இலை உகந்தது என்பதே காரணம். ஆயின், இப்பயிரைப் பற்றிய தவறான எண்ணங்கள் சிலவுள. அவற்றால் வீண் செலவு ஏற்படுவதால், செய்கை முறையைக் கூறுமுன் அவற்றை முதலில் எடுத்துக்கொள்வோம்.

வித்துப் பொட்டலம் வாங்கற்க

மிளகுப் புதினா ஒரு கலப்பினம். நீர்ப்புதினாவும் ஈட்டிப்புதினாவும் தாமே கலந்து தோன்றியது. இங்கிலாந்தில் இது காணப்பட்டதைத் தாவரவியலறிஞர் யோன் றே என்பார் 1696 ஆம் ஆண்டிற் குறித்துள்ளார். 1721 இல் இலண்டன் மருந்து நூலில் இஃது இடம்பெற்றது. இரு வேறினங்கள் கலந்து பிறந்தமையால் இதன் பூக்கள் மலடானவை. முளைக்கத்தக்க வித்தை இவை தருவதில்லையென்றே கொள்ளலாம். அன்று தொட்டு இன்று வரை இப்பயிர் தண்டுத் துண்டுகளாலும் வேரோடிய ஓடிகளாலுமே கைமாறி வந்துள்ளது.

ஆகவே, மிளகுப் புதினா எனப் பெயரிட்டு விற்கப்படும் வித்துப் பொட்டலத்தில் இருப்பது பெரும்பாலும் ஈட்டிப்புதினாவின் வித்தோ, வேறு ஏதேனும் புதினாவின் வித்தோ ஆகும். அவ்வித்துக்கள் முளைக்கலாம், முளைப்பன ஒன்றுபோல் ஒன்றிராது. சிலவற்றில் மணமே இராது. ஆதலின் பணத்தைப் பொட்டலத்துக்குக் கொடாது, வளர்ந்த செடியொன்றைக் கண்ணாற் கண்டு, இலையைக் கசக்கி முகர்ந்து, அதிலிருந்து ஒரு துண்டைப் பெறுதலே தக்கது. பெரும்பாலும் அத்துண்டு இலவசமாகவே கிடைக்கும்.

இரண்டையும் வேறுபடுத்தி அறிதல் கடினமன்று. நாம் கறிக்கு இடும் ஈட்டிப்புதினாவின் இலை, காம்பின்றித் தண்டோடு ஒட்டியது போலிருக்கும், பச்சை நிறமானது, நுனி கூரியது. மிளகுப் புதினாவின் இலைக்குத் தெளிவான சிறு காம்பு உண்டு. தண்டு பெரும்பாலும் செவ்வூதா நிறம் படர்ந்திருக்கும். ஐயமாயின் ஓரிலையை மென்று மூச்சை உள்ளே இழுத்தல் வேண்டும். வாயிலே குளிர் பரவுமாயின் அது மிளகுப் புதினா. அக்குளிருக்குக் காரணம் மெந்தோல் என்னும் பொருள். வாயின் வெப்பம் உண்மையிற் குறைவதில்லை. குளிரை உணரும் நரம்புகளை மெந்தோல் தூண்டுவதால் அவ்வாறு தோன்றுகின்றது. ஈட்டிப்புதினாவில் மெந்தோல் மிக அற்பம். அதன் மணம் காவோன் என்னும் வேறொரு பொருளால் உண்டாவது. சமையலுக்கு ஈட்டிப்புதினாவே சிறந்தது. மிளகுப் புதினாவைச் சம்பலில் அரைத்தால் மருந்து நெடி மேலோங்கும்.

தைலம் வடித்துப் பணம் ஈட்டலாம் என்னும் எண்ணம்

இவ்வெண்ணத்தோடு நிலம் பண்படுத்த முற்படுவோர் ஒன்றை அறிந்திருத்தல் நன்று. மிளகுப் புதினா நீண்ட பகலை வேண்டும் பயிர். கோடையிற் பகல் பதினான்கு, பதினைந்து மணித்தியாலம் நீடிக்கும் நாடுகளிலேயே அது நன்கு பூத்து, மெந்தோல் நிறைந்த தைலத்தைத் தரும். இலங்கையோ ஆறாம் பாகைக்கும் பத்தாம் பாகைக்கும் இடையே பூமத்திய கோட்டுக்கு அண்மையிலுள்ளது. யாழ்ப்பாணத்தில் ஆண்டின் மிக நீண்ட பகலும் பன்னிரண்டே முக்கால் மணித்தியாலத்துக்கு மேற்படாது. இங்கே செடி இலைவிட்டுப் படரும்; ஆனாற் பூத்தல் அரிது; தைலத்தில் மெந்தோல் குறைந்து, விரும்பப்படாத பிற பொருள்கள் மிகும். மலைநாட்டின் குளிர் இலைக்கு நன்மை செய்யுமாயினும், நுவரெலியாவிலும் பகல் நீளமாவதில்லை.

மேலும், நன்கு விளைந்த உலர் இலையிலும் நூற்றுக்கு ஒன்று தொடக்கம் மூன்று பங்கு தைலமே உண்டு. ஐந்து கிலோகிராம் பச்சையிலையை உலர்த்தினாற் கிடைப்பது ஏறக்குறைய ஒரு கிலோகிராம் உலர் இலை. அதிலிருந்து வடிவது 10 தொடக்கம் 30 மில்லிலீற்றர் தைலம். வீட்டுத் தோட்டத்தார் வடிகலன் வாங்குவது பயனற்ற செயல். சந்தைக்கு வரும் இயற்கை மெந்தோலின் பெரும்பகுதி மிளகுப் புதினாவிலிருந்து பெறப்படுவதுமன்று. இந்தியாவின் உத்தரப் பிரதேசத்திற் பரந்த அளவிற் செய்கைபண்ணப்படும் யப்பான் புதினாவிலிருந்து பெறப்படுவது. நம் வீட்டுப் பாத்தியின் பயன் தேநீர்க் கோப்பையோடும் கறிச்சட்டியோடும் அமைவது. அதற்கு இச்செடி நம் நாட்டில் நன்றாகவே வளரும்.

இடமும் மண்ணும்

மலைநாட்டிலே திறந்த வெளியில் முழு வெயிலில் நடலாம். யாழ்ப்பாணம், வன்னி, மட்டக்களப்பு முதலிய வரண்ட பகுதிகளில் நடுப்பகல் வெயில் இலையைக் கருக்கிவிடும்; ஆதலிற் காலை வெயில் நான்கைந்து மணித்தியாலம் படுமாறும், பிற்பகலில் நிழல் விழுமாறுமுள்ள இடத்தைத் தெரிதல் வேண்டும். முருங்கையின் மெல்லிய நிழல் மிகப் பொருத்தமானது. வேம்பின் அடியிலோ மாமரத்தின் அடியிலோ நட்டால் தண்டு வெளிறி நீண்டு, மணம் குன்றும்.

மண் எதுவாயினும், ஈரத்தைப் பிடித்து வைப்பதும் நீர் தேங்காததுமாய் இருத்தல் வேண்டும். புதினா ஈரத்தை விரும்பும், சேற்றை விரும்பாது. ஆறங்குல ஆழத்துக்குக் கொத்தி, ஒரு பாத்திக்கு ஒரு கடகம் வீதம் மக்கிய மாட்டெரு அல்லது கூட்டெருவைக் கலந்து விடுக. மணற்பாங்கான இடங்களில் இரண்டு கடகம் இடலாம். மழை மிகுந்த பகுதிகளிற் பாத்தியை நிலமட்டத்துக்கு ஆறங்குலம் உயர்த்துதல் வேண்டும். வரண்ட பகுதிகளில் உயர்த்தாது, வரம்பு கட்டி நிலமட்டத்திலேயே அமைத்தல் நீரைச் சிக்கனப்படுத்தும்.

புதினாவின் ஒரு குணத்தை இங்கே கூறல் வேண்டும். அது தனக்கு விட்ட இடத்தில் அடங்கியிராது. அதன் ஓடிகள் மண்ணுக்கு மேலும் கீழும் ஓடி, கணுதோறும் வேரூன்றி, அடுத்த பாத்தியிலுள்ள வெங்காயத்தையும் கீரையையும் நெருக்கும். பாத்தியைச் சுற்றி ஓரடி ஆழத்துக்குப் பழைய கூரைத்தகடுகளைப் புதைத்துவிடலாம். அல்லது அடிவெட்டிய வாளியொன்றை மண்ணிற் பதித்து அதனுள் நடலாம். ஈட்டிப்புதினாவையும் மிளகுப் புதினாவையும் ஒரே பாத்தியில் நடுவோர், ஓராண்டு கழிந்தபின் எது எதுவென்று அறியாது தடுமாறுவர்.

நடுகை

முற்றிய தண்டும் மிக இளந்தண்டும் வேண்டாம். நடுத்தரமான தண்டில் நாலங்குல நீளமான துண்டுகளை, கணுவுக்குச் சற்றுக் கீழே கூரிய கத்தியால் வெட்டி எடுக்குக. கீழிலைகளைக் களைந்து, இரண்டு கணுக்கள் மண்ணுள் மறையுமாறு ஊன்றுக. வேர் வருவது கணுவிலிருந்தே. துண்டுக்குத் துண்டு ஒன்பதங்குலம் தொடக்கம் ஓரடி இடைவெளி போதும். முதல் ஒரு வாரத்துக்குத் தென்னோலையால் நிழல் செய்து, காலையும் மாலையும் பூவாளியால் நீர் தெளித்தல் வேண்டும். இரண்டு வாரத்துள் வேர் பிடித்துவிடும்.

சந்தையில் வாங்கிய சமையற் புதினாவின் தண்டுகளையும் நடலாம். இதுவே யாவர்க்கும் எளிய வழி. இலையைக் கறிக்கு எடுத்துக்கொண்டு, நுனியில் நாலிலையுள்ள தண்டுகளை ஒரு குவளை நீரில் நிறுத்தி வைத்தால், ஏழு தொடக்கம் பத்து நாளில் வெள்ளை வேர்கள் தோன்றும். குவளை நீரை இரு நாளைக்கு ஒருமுறை மாற்றுதல் வேண்டும். வேர் ஓரங்குலம் நீண்டதும் மண்ணுக்கு மாற்றிவிடுக. நீரிலேயே நெடுநாள் விட்டால், அவ்வேர் மண்ணிற் பழகாது செடி வாடும்.

வடபகுதியிலே கார்த்திகை மாத அடைமழையில் நட்ட துண்டுகள் அழுகுவதுண்டு. மாரி ஓய்ந்து, தை மாதத்தில் நடுவதே அங்கு ஏற்றது. நீர்வசதி உள்ளோர் எக்காலத்தும் நடலாம்.

நீர்: கிணற்றடிப் பாத்தியைப் பற்றி

நம் வீடுகளிற் புதினாவுக்கு வழக்கமாக ஒதுக்கப்படும் இடம் கிணற்றடி. குளிக்கும் நீர் ஓடும் வாய்க்காலின் ஓரம் எப்பொழுதும் ஈரமாயிருப்பதால், வாழையோடு புதினாவும் அங்கே செழித்து வளர்கின்றது. வாழைக்கு அவ்விடம் பொருந்தும். புதினாவுக்குப் பொருந்தாது. வாழைக்காயை நாம் உரித்துச் சமைத்து உண்கின்றோம். புதினாவையோ பச்சையாகவே அரைத்து உண்கின்றோம். நிலத்தோடு படரும் இலையில், அழுக்கு நீர் ஒவ்வொரு முறையும் தெறிக்கின்றது. துணி துவைத்த நீரிலும், குழந்தையின் துணி அலசிய நீரிலும் இருக்கும் கிருமிகள் அவ்விலை வழியாகச் சம்பலுக்கு வருதல் கூடும். வயிற்றோட்டமும் நெருப்புக் காய்ச்சலும் பரவும் வழிகளில் இஃது ஒன்று. சவர்க்கார நீர் மண்ணையும் நாளடைவிற் கெடுக்கும்.

ஆகவே கிணற்றடியில் ஏற்கெனவே புதினா உள்ளோர், அதனைக் கழிவு வாய்க்காலுக்கு எதிர்ப்புறத்துக்கு மாற்றி, கிணற்றிலிருந்து நேரே அள்ளிய நீரை விடுதல் வேண்டும். மலசலகூடக் குழிக்கு அருகே எக்காரணத்தாலும் நடலாகாது. அரிசி கழுவிய நீரையும் காய்கறி கழுவிய நீரையும் தாராளமாக விடலாம். மீனும் இறைச்சியும் கழுவிய நீர் வேண்டாம்.

கடற்கரையை அடுத்த ஊர்களிற் கோடை முற்ற முற்றக் கிணற்று நீர் உவர்ப்பாகும். புதினா உவரைத் தாங்காது. இலையின் ஓரம் கருகத் தொடங்குவது அதன் முதல் அறிகுறி. அத்தகைய ஊர்களில், சாடிகளில் வளர்த்து நல்ல நீரை அளவாக விடுவதே தகும். பாத்தியாயின், வைக்கோல் அல்லது காய்ந்த வாழையிலையை இரண்டங்குலக் கனத்துக்குப் பரப்பிவிட்டால் இறைப்பின் தொகை குறையும்.

சாடிகளைப் பற்றி ஓர் எச்சரிக்கை

சாடி எட்டங்குல ஆழமும், அதனினும் கூடிய அகலமும் உடையதாயிருத்தல் நன்று. புதினாவின் வேர் ஆழச் செல்வதினும் பக்கவாட்டிற் செல்வதே மிகுதி. மேல்மண், கூட்டெரு, தும்புத்தூள் ஆகியவற்றைச் சம அளவிற் கலந்து நிரப்புக. அடியில் துவாரம் இருத்தல் இன்றியமையாதது.

புதினா அடிக்கடி நீர் வேண்டுவதால், சாடியின் கீழே தட்டு வைத்து அதில் நீரை நிறுத்திவிடுவோர் பலர். இவ்வழக்கம் ஆபத்தானது. டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் நுளம்பு, சாக்கடையைத் தேடிச் செல்வதில்லை. இத்தகைய சிறு கலங்களில் நிற்கும் தெளிந்த நீரையே தேடி வருகின்றது. 2017 ஆம் ஆண்டில் இந்நாட்டில் 186,000 இற்கு மேற்பட்டோர் டெங்கு நோயாளராகப் பதியப்பட்டனர். முட்டை நுளம்பாவதற்கு ஏறக்குறைய ஒரு வாரம் போதும். நீரை ஊற்றிவிட்டால் மட்டும் போதாது. முட்டைகள் தட்டின் விளிம்பில் ஒட்டிக்கொண்டு, உலர்ந்த நிலையிற் பல மாதம் உயிரோடிருந்து, அடுத்த முறை நீர்பட்டதும் பொரிக்கும். தட்டை அகற்றிச் சாடியை இரு செங்கல்லின் மேல் வைப்பதே நேரிய வழி. தட்டு வேண்டுமென்போர் அதனை மணலால் விளிம்பு வரை நிரப்பி வைக்க. அல்லது வாரந்தோறும் தேய்த்துக் கழுவுக. நுளம்பு பெருக இடம் விடுதல், 2007 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கச் சட்டத்தின்படி குற்றமுமாகும்.

பசளையும் பாதுகாப்பும்

ஒவ்வொரு வெட்டுக்குப் பின்னும் பாத்தியின் மேல் அரையங்குலக் கனத்துக்குக் கூட்டெரு தூவி நீர் விடுதல் போதும். யூரியாவை மிகுதியாக இட்டால் இலை பெரிதாகும். ஆனால் மணம் நீர்த்து, துரு நோயும் எளிதிற் பற்றும்.

துரு நோயே புதினாவின் முதன்மையான பகை. இலையின் கீழ்ப்புறத்திற் செம்மஞ்சள் நிறக் கொப்புளங்கள் தோன்றி, பின்னர் கபில நிறமாகி, இலை உதிரும். கண்டவுடன் அத்தண்டுகளை அடியோடு வெட்டி எரித்துவிடுக. கூட்டெருக் குழியிற் போடற்க. நோய் பாத்தி முழுவதும் பரவியிருந்தால், அவ்விடத்தை விட்டு வேறிடத்திற் புதிதாக நடுவதே உத்தமம். வேறு நடுகைப் பொருள் கிடையாதாயின், ஓடிகளை மண் போகக் கழுவி, 44 பாகை செல்சியசு வெப்பமுள்ள நீரிற் பத்து நிமிடம் அமிழ்த்தி, உடனே தண்ணீரிற் குளிர்வித்து நடலாம். வெப்பமானியில்லாது இதனைச் செய்ய முயலுதல் வீண். வெப்பம் சற்று மிஞ்சினாலும் ஓடி வெந்துவிடும்.

அழுக்கணவனும் சிற்றுண்ணியும் வரண்ட காலத்தில் இலையின் கீழே சேரும். நீரை விசையாகத் தெளித்தால் பெரும்பாலானவை உதிரும். புழுக்களைக் கையாற் பொறுக்குக. பச்சையாக உண்ணும் இலையாதலின், நஞ்சு மருந்துகளை இப்பயிருக்கு விசிறலாகாது. பக்கத்துப் பாத்தியிலுள்ள மிளகாய்க்கோ கத்தரிக்கோ மருந்து விசிறும் நாளில், காற்று எப்பக்கம் வீசுகின்றதென்பதையும் பார்த்துக்கொள்க.

வெட்டுதல்

நட்டு ஆறு தொடக்கம் எட்டு வாரத்தில் முதல் வெட்டுக்குச் செடி தகுதியாகும். நாள்தோறும் இலையை மட்டும் உருவி எடுத்தல் நம்மவர் வழக்கம். அது தவறு. இலையிழந்த தண்டு மரத்துப்போகும். மொட்டைக் குச்சிகளாய்ப் பாத்தி பாழ்படும். வேண்டிய அளவுக்கு நுனியை, ஒரு சோடி இலைக்கு மேலே கிள்ளுதல் வேண்டும். அவ்விலைகளின் கக்கத்திலிருந்து இரண்டு கிளைகள் தோன்றுமாதலின், கிள்ளக் கிள்ளச் செடி அடரும்.

உலர்த்தி வைக்க விரும்புவோர் பாத்தியின் ஒரு பாதியை நிலத்துக்கு மேல் இரண்டங்குலம் விட்டு அரிந்தெடுத்து, மற்றப் பாதியை நான்கைந்து வாரம் கழித்து எடுக்கலாம். வெட்டும் வேளை காலை; பனி உலர்ந்தபின், வெயில் ஏறுமுன். இலைகளின் மேற்பரப்பிலுள்ள நுண்ணிய சுரப்பிகளிலேயே தைலம் அடங்கியுள்ளது. வெயில் ஏற ஏற அது ஆவியாகும். கசங்கினாற் சுரப்பி உடைந்து மணம் அப்பொழுதே போய்விடும். ஆகவே சாக்கிலே திணியாது, சுளகிலோ கடகத்திலோ தளர்வாக இடுக. மிளகுப் புதினாவின் மிக இளைய இலையில் மெந்தோல் குறைவு. இலை முற்றும்போதே அது பெருகும். தேநீருக்கு நுனிக்கொழுந்தைவிட நடுத்தண்டின் இலையே ஏற்றது என்பதற்கு இதுவே காரணம்.

உலர்த்தலும் உபயோகமும்

கழுவி, நீர் வடியவிட்டு, பத்துப் பன்னிரண்டு தண்டுகளைச் சிறு பிடியாகக் கட்டி, காற்றோடும் நிழலிற் தலைகீழாகத் தொங்கவிடுக. நெல்லையும் மிளகாயையும் போல முற்றத்து வெயிலிற் பாயில் பரப்புவது இதற்கு உதவாது. பச்சை நிறமும் மணமும் ஒருங்கே இழந்த சருகே மிஞ்சும். நாலு நாள் தொடக்கம் ஒரு வாரத்தில் இலை விரலிடையில் நொறுங்கும் பதம் அடையும். தண்டு வளையாது முறிதல் வேண்டும்; வளையுமாயின் போத்தலிற் பூஞ்சணம் பிடிக்கும். மாரிகாலத்தில் உலர்த்த முயலற்க. உலர்ந்த இலையை நொறுக்காது முழுதாகவே, இறுகிய மூடியுள்ள போத்தலில் இருண்ட இடத்தில் வைத்து, வேண்டும்போது மட்டும் கசக்கிக்கொள்க. ஓராண்டுக்கு மேல் வைத்திருத்தல் பயனன்று.

பச்சையாக உண்ணுமுன் இலையை ஓடும் நீரில் இரண்டு மூன்று முறை நன்கு அலசுதல் வேண்டும். தேநீருக்கு ஒரு கோப்பை கொதிநீரில் உலர் இலை ஒரு தேக்கரண்டி, அல்லது பச்சையிலை ஏழெட்டு இட்டு, மூடி வைத்து ஐந்து நிமிடம் கழித்து வடிக்க. மூடாது விட்டால், ஆவியோடு போவது நாம் வேண்டிய பொருளே. உணவுக்குப்பின் வயிறு பொருமுவோர்க்கு இது சுகம் தரும். ஆனால் நெஞ்செரிவு உள்ளோர்க்கு மிளகுப் புதினா தீமை செய்யலாம்; உணவுக்குழாயும் இரைப்பையும் சேருமிடத்திலுள்ள தசையை அது தளர்த்துவதால், புளிப்பு நீர் மேலெழும்.

கடைகளில் விற்கும் தைலத்தை இலையோடு ஒப்பிடலாகாது. அது பன்மடங்கு செறிந்தது. தடிமன் பிடித்த கைக்குழந்தையின் மூக்கிலோ மார்பிலோ மெந்தோல் சேர்ந்த தைலத்தைப் பூசுவது பல வீடுகளில் உண்டு. கைக்குழந்தைகட்கு இது மூச்சடைப்பை உண்டாக்கக்கூடும். குழந்தைக்குத் தடிமனாயின் வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுதலே முறை.

பாத்தியைப் புதுப்பித்தல்

ஓராண்டு கழிந்ததும் பாத்தியின் நடுப்பகுதி விறகுபோலாகி, விளிம்பில் மட்டும் பசுமை தங்கும். அப்பொழுது விளிம்பிலுள்ள இளம் ஓடிகளைத் தோண்டி எடுத்துக்கொண்டு, பழைய வேர்களை அகற்றி, வேறொரு பாத்தியில் மேற்கூறியவாறு நடுக. பழைய பாத்தியில் இரண்டாண்டு புதினா நடாது, கீரையோ பயற்றங்காயோ இடலாம். மண்ணிலே தவறி நின்ற ஓடிகள் இரண்டு மாதம் வரை முளைத்துக்கொண்டேயிருக்குமாதலின், அவற்றைக் கண்டபோதெல்லாம் பிடுங்கி விடுதல் வேண்டும்.